புட்டு அரிசியில் கிடந்த தூர லென்ஸ்

சிலிம் ரிவர் திடலில் கார்னர் கிடைத்த நேரத்தில் நான் லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தேன்.

கழற்ற மூன்றரைச் சுற்று. மாட்ட மூன்றரைச் சுற்று. கழற்றியதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாட்டவேண்டியதன் மூடியைப் பல்லால் கடித்துக்கொண்டு, மரை பிடித்ததா இல்லையா என்று விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் மரை கோணலாக ஏறும். நான் அவசரப்பட்டேன். கோணலாக ஏறியது. மறுபடி கழற்றினேன்.

பந்து வளைந்து வந்தது. தோட்டத்து டிராக்டர் ஓட்டுநர் ஒருவர், ஒன்பதாம் எண் சட்டை, எல்லார் தலைக்கும் மேலே எழும்பினார். அந்த நேரத்தில் என் கையில் இருந்தது கண்ணில்லாத கேமரா.

கூட்டம் கத்தியது. லென்ஸ் மாட்டி முடித்து நான் கேமராவைத் தூக்கியபோது, பதினோரு முதுகுகள் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன. சரி, முதுகாவது கிடைக்கட்டும் என்று எடுத்தேன். மழைக்கு முந்திய காற்றில் பக்கத்துப் புகைக்கூடத்திலிருந்து ரப்பர் ஷீட் வாடை வந்துகொண்டிருந்தது. இப்போதும் அந்த வாடை வந்தால் எனக்கு முதுகுகள்தான் ஞாபகம் வரும்.

அந்தப் படத்தைக் கோலாலம்பூர் நாளிதழ் ஒன்றின் விளையாட்டுப் பக்கத்துக்கு அனுப்பினேன். அதுவரை அங்கே ஐந்து முறை அனுப்பியிருந்தேன். ஒருமுறையும் பதில் வந்ததில்லை. இந்த முறை வந்தது. ஒரே வரி: ‘தம்பி, கோல் விழுந்த பிறகு வருகிறீர்கள். சற்று முன்னதாக வரவும்.’

அந்த அஞ்சலட்டையை நான் கிழிக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் அலைந்தேன்.

மரை

சென்ற வாரம் எங்கள் வீட்டுக் குளியலறையை இருட்டறையாக்கிய கதையை எழுதியிருந்தேன். என் தங்கை அதை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டிவிட்டாள். மூன்று நாள் எனக்குச் சோறு பேசாமல் வந்தது. இந்த வாரம் அம்மாவின் சமையலறையும் வருகிறது. தங்கைக்கு ஒரு வேண்டுகோள்: வாசிக்காதே.

கேமரா பழக்கமில்லாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று எங்களிடம் இருந்தவை மரை லென்ஸுகள். போத்தல் மூடி மாதிரி திருகி மாட்டுவது. அதில் ஒரு பெரிய வசதி உண்டு. எந்த நாட்டுக் கம்பெனி செய்தாலும் அந்த மரை ஒரே அளவு. உன் லென்ஸ் என் கேமராவில் ஏறும், என் லென்ஸ் உன் கேமராவில் ஏறும். இல்லாதப்பட்ட படக்காரர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்.

எங்கள் கூட்டணி இரண்டே பேர். நான் ஈப்போ புந்தோங். ஆறாம் படிவம் முடித்துவிட்டு, எந்தப் பள்ளியில் ஆசிரியர் விடுப்பெடுத்தாலும் அங்கே ஓடுகிற தற்காலிக ஆசிரியர். சேவியர் சிம்பாங் பூலாய். கல்லுடைக்கும் குவாரியில் லாரி எடை போட்டுச் சீட்டு எழுதும் கிராணி. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஒரு தேர்த் திருவிழாவில் இருவரும் ஒரே சுவரில் ஏறப் பார்த்தோம். ‘தள்ளு லா, எனக்கும் கண்ணு இருக்கு’ என்றான். அன்றிலிருந்து மச்சான்.

ஆளுக்கொரு கேமரா, ஆளுக்கொரு சாதா லென்ஸ். அதற்கு மேல் இரண்டே இரண்டு சொத்து: என்னுடைய அகல லென்ஸ், அவனுடைய தூர லென்ஸ். தூர லென்ஸை அதன் மில்லிமீட்டர் அளவை வைத்து நூற்று முப்பத்தைந்து என்றுதான் சொல்வோம். வீட்டுக்கு வந்த பெண்ணைப் பெயர் சொல்லாமல் குறிப்பிடுவது மாதிரி. இரண்டும் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும். ஒரு மாதம் அவன் வீட்டில், ஒரு மாதம் என் வீட்டில். சனிக்கிழமை சிம்பாங் பூலாய் முச்சந்தி கோப்பிக்கடையில் சந்தித்து, யாருக்கு எது தேவையோ எடுத்துக்கொள்வோம். அவனுக்கு ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம். எனக்குப் பந்து.

டின்னில் லென்ஸ் மட்டும் இல்லை. பாதி டின் அரிசி. நம் ஊர்க் காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு வாரம் மழை பெய்தால் பெல்ட்டிலேயே பூஞ்சணம் பூக்கும். லென்ஸ் கண்ணாடிக்குள் பூத்தால் முடிந்தது. அரிசியைப் பொரிகிற பதம் வரை வறுத்து, நன்றாக ஆறவிட்டு, டின்னில் கொட்டி, துணியில் சுற்றிய லென்ஸை அதில் புதைத்து, இறுக்கி மூட வேண்டும். ஈரத்தை அரிசி குடித்துக்கொள்ளும். டின் யார் வீட்டில் இருக்கிறதோ அவர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரிசியை மாற்ற வேண்டும். எங்களுக்குள் எழுதாத சட்டம் இது ஒன்றுதான்.

இது காத்து வீசுமா?

நூற்று முப்பத்தைந்து வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சேவியரின் அப்பா சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்தில் துரைக்குக் கார் ஓட்டியவர். எழுபதுகளில் அந்தத் துரை சொந்த நாட்டுக்குத் திரும்பும்போது, பங்களா வாசலில் சாமான்களைப் பரப்பி வந்த விலைக்குக் கொடுத்தார். தோட்டமே திரண்டு போனது. கிராணியார் வீட்டுக்குக் கட்டில் போயிற்று. கங்காணி வீட்டுக்குச் சாய்வு நாற்காலி. சேவியரின் அம்மா மேசைக் காற்றாடியைப் பார்த்துவைத்து, மகனை அனுப்பினார்.

சேவியர் வெறுங்கையோடு வருவதுபோல் வந்து, பையிலிருந்து கறுப்பாக ஒரு குழாயை எடுத்து வைத்தான்.

“என்னாடா இது?”

“லென்ஸும்மா.”

“இது காத்து வீசுமா?”

அந்தக் கேள்வி அந்த வீட்டில் பல வருஷம் வாழ்ந்தது. வெயில் அடித்தால் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு, ‘அந்தக் கொழலக் கொஞ்சம் திருப்பி வை சேவியர், வேர்க்குது’ என்பாராம். அப்போது அவனிடம் கேமரா கூட இல்லை. வேலைக்குப் போய் அதை வாங்கும்வரை வெறும் லென்ஸைக் கண்ணுக்கு எதிரே நீட்டிப் பிடித்துக்கொண்டு லயத்து வீடுகளைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன்.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டுச் சிரித்தவன்தான் நான். 

ஜிக்

அஞ்சலட்டை வந்த சில நாளில், ஈப்போ பழைய டவுனில் ஆ ஹெங் கடைக்குப் போனேன். பிலிம் வாங்கத்தான். கடை முதலாளியான தவுக்கே கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு புதுக் கேமராவை எடுத்து என் கையில் வைத்தார்.

“சுபா,” என்றார். முயன்று பாரேன் என்று அர்த்தம்.

கண்ணில் வைத்தேன். எதிர்க்கடை வாசலில் கோழி வெட்டிக்கொண்டிருந்தவர் மங்கலாகத் தெரிந்தார். பொத்தானைப் பாதி அழுத்தினேன். ‘ஜிக்’ என்றது. கோழிக்காரரின் மீசை மயிர் தனித்தனியாகத் தெரிந்தது. நான் எதையும் திருகவில்லை. அதுவே பார்த்து, அதுவே தெளிந்துகொண்டது.

கடை முன் நடைபாதையான அஞ்சடியில் ஒரு பூனை போயிற்று. ஜிக். சைக்கிளில் ஒருவர். ஜிக். லென்ஸைக் கழற்றச் சொல்லிக் காட்டினார் தவுக்கே. ஒரு பித்தானை அமுக்கி, கால் திருப்பு. அவ்வளவுதான், கையோடு வந்துவிட்டது. மாட்டினால் ‘டிக்’. மூன்றரைச் சுற்று எங்கே, இது எங்கே. ஒன்பதாம் எண் சட்டைக்காரர் எழும்பி இறங்குவதற்குள் இரண்டு லென்ஸ் மாற்றலாம்.

என் அகல லென்ஸைப் பையிலிருந்து எடுத்துப் புதுக் கேமராவின் வாயில் வைத்துப் பார்த்தேன்.

“தா மாசுக்,” என்றார் ஆ ஹெங். நுழையாது. பிறகு அவரே ஒரு வழி சொன்னார். ஒரு பள்ளிக்கூடத்துப் படக் கழகம் மாணவர்களுக்கு மரை கேமரா தேடுகிறதாம். இரண்டு கேமரா, எல்லா லென்ஸும், முழு செட்டாக வேண்டும். வருஷக் கடைசிக்குள். நாங்கள் இருவரும் எல்லாவற்றையும் கொடுத்தால், புதியதில் இரண்டு கேமராவும் பொதுவில் ஒரு தூர லென்ஸும் எடுத்துக்கொள்ளலாம். மீதியைச் சிறுகச் சிறுக.

“சத்து செட்,” என்று ஒற்றை விரலைக் காட்டினார். “சத்து பிஜி, சாயா தா மாவ்.” ஒற்றை லென்ஸ் அவருக்கு வேண்டாம்.

ஆக, நான் மட்டும் மாற முடியாது. மாறினால் இருவரும். இல்லாவிட்டால் ஒருவரும் இல்லை.

கோப்பிக்கடைச் சண்டை

அடுத்த சனிக்கிழமை சேவியர் கோப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டான். அவன் புருவமெல்லாம் குவாரி மாவு. குளித்தாலும் அவன் புருவத்திலிருந்து அது போகாது.

“அதுல பேட்டரி செத்துப் போச்சுன்னா?”

“வேற போடு.”

“கல்யாண வீட்ல தாலி கட்ற நேரத்துல செத்தா?”

“ஏன்டா சாவப் பத்தியே பேசுற?”

“மச்சான், எனக்கு எந்தப் பக்கம் திருப்புனா கிட்ட வரும், எந்தப் பக்கம் திருப்புனா தூரம் போவும்னு கை சொல்லும். நான் கண்ணால பாக்குறதுக்குள்ள கை போயிரும். அத எவனோ ஒரு மிஷினுகிட்ட குடுக்கச் சொல்றியா?”

“உன் கோயில்ல பாதர் நிக்குறாரு, புள்ள தூங்குது. எல்லாம் அசையாம இருக்கும். உனக்கு எதுக்கு அவசரம். நான் எடுக்குறவன் ஓடுறான் லா.”

“ஓடட்டும். நீயும் ஓடணுமா?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பையில் அஞ்சலட்டை உறுத்தியது. அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது. யோசித்து வந்த வார்த்தை இல்லை. ஆனால் தெளிவாகத்தான் வந்தது.

“பாத்துக்கிட்டே இரு. அந்த ஓட்டைக் கொழலுக்குள்ள ஒரு நாளு பூஞ்சணம் புடிக்கும். அப்ப நீயே தூக்கிக் குப்பையில போடுவே.”

சேவியர் கோப்பியைக் குடித்து முடித்தான். டின்னை என் பக்கம் தள்ளினான். என் மாதம் அது. எழுந்து மோட்டாரை உதைத்துக்கொண்டு போய்விட்டான். வாரேன் என்று சொல்லவில்லை.

பாகான் செராய் பஸ்ஸு

மறுநாள் ஞாயிறு. பாகான் செராய் பள்ளியொன்றில் ஆறு வாரத்துக்கு ஆள் வேண்டும் என்று தகவல் வந்திருந்தது. பிள்ளைப்பேற்றுக்குப் போன ஆசிரியையின் இடம். பத்தரைக்குப் பஸ். ஒன்பதே முக்காலுக்குத்தான் டின்னின் அரிசி ஞாபகம் வந்தது.

அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அரிசி மூட்டை அலமாரிக்குப் பின்னால், இழுக்க வேண்டும். அடுப்பு மேடையில் ஒரு முறத்தில் அரிசி பரப்பிக் கிடந்தது. வெள்ளை வெளேரென்று, தயாராக. அள்ளி வாணலியில் போட்டேன்.

விரலில் நாலைந்து மணி ஒட்டிக்கொண்டது. காய்ந்த அரிசி விரலில் ஒட்டாது. இதைக் கவனித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். வேட்டியில் துடைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

வாணலியிலிருந்து புகை வந்தது. உண்மையில் அது ஆவி. ஐந்து நிமிஷம் கிண்டினேன். சூடாகவே டின்னில் கொட்டினேன். என் அகல லென்ஸ் கடையில் வாங்கிய நாளிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையில் இருக்கும், அப்படியே புதைத்தேன். சேவியருடையதைத் துணியில் சுற்றிப் புதைத்தேன். மூடியை அழுத்தி, சைக்கிள் டியூப் வளையத்தைச் சுற்றி மாட்டி, அலமாரி மேல் ஏற்றிவிட்டு ஓடினேன். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. பிடித்துவிட்டேன். பிடித்ததில் ஒரு பெருமை வேறு.

பாகான் செராயில் எனக்குத் தூக்கம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது. பள்ளி விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயல் வரப்பெல்லாம் சுற்றினேன். நாற்று, நாரை, நீருக்குள் நிற்கும் வானம். எல்லாம் சாதா லென்ஸில்.

இரண்டாம் வாரம் தங்கையின் கடிதம் வந்தது. கடைசியில் ஒரு வரி: ‘புட்டுக்கு மாவு இடிக்க ஊறவைத்து உலர்த்தியிருந்த அரிசியைக் காணோம் என்று அம்மா கேட்கிறார். பூனை அரிசி தின்னுமா?’

வாசித்துச் சிரித்தேன். சிரித்து முடித்த இடத்தில் விரலில் ஒட்டிய அரிசி ஞாபகம் வந்தது. இந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போய் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அந்தச் சனிக்கிழமை நடவு ஆரம்பித்தது. அடுத்த சனிக்கிழமை பள்ளியில் விளையாட்டுப் போட்டி. அதற்கடுத்தது மழை.

ஐந்தாம் வாரம் சேவியரின் கடிதம் வந்தது. அவன் எழுத்து லாரி எடைச் சீட்டு மாதிரி இருக்கும், வரிக்கு நாலு வார்த்தை. ‘மச்சான், மாத்திக்கலாம். நாலு சனிக்கிழமை தனியா கோப்பி குடிச்சேன், நல்லா இல்ல. நீ பேப்பர்ல வரணும். ஆ ஹெங்கிட்ட சொல்லிட்டேன். வார சனிக்கிழமை பத்து மணிக்குக் கடைக்கு டின்னக் கொண்டா.’

காற்றாடிக்குப் பதில் வாங்கிய லென்ஸை, எனக்காகக் கொடுக்க ஒத்துக்கொண்டுவிட்டான். நான் அதை எங்கே வைத்திருக்கிறேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தப்பாய்

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து, வீட்டுக்குள் நுழைந்து, டின்னை இறக்கி, அப்படியே எடுத்துக்கொண்டு ஓடினேன். திறந்து பார்த்திருக்கலாம். நேரமில்லை என்று அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பயம் என்பதுதான் சரி.

சேவியர் வெளுத்த சட்டை போட்டு, கேமராவைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அண்ணன் மாதிரி இருந்தான்.

“என்னா மச்சான், இளைச்சுட்டே. பாகான் செராய்ல சோறு போடலியா?”

“போட்டாங்க லா.”

ஆ ஹெங் டின்னின் வளையத்தைக் கழற்றி மூடியைத் திறந்தார். ஒரு வாடை எழுந்தது. புளித்த வாடை, கொஞ்சம் இனிப்பு. அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

“இனி அப்பா? தப்பாய் கா?”

இது என்ன, தப்பாயா என்று கேட்கிறார். தப்பாய் என்பது மலாய்க்காரர்கள் அரிசியை மூடிவைத்துப் புளிக்க வைத்துச் செய்கிற பலகாரம். கடைப் பையன்கள் சிரித்தார்கள். சேவியரும் சிரித்தான். பிறகு டின்னுக்குள் கையை விட்டான். அரிசி கட்டி கட்டியாக வந்தது. சிரிப்பு நின்றது.

என் லென்ஸ் பிளாஸ்டிக் உறைக்குள் பளபளவென்று இருந்தது. சேவியரின் லென்ஸைச் சுற்றிய துணி விலகும்போது லேசாக ஒட்டியது. ஆ ஹெங் சின்ன டார்ச்சை ஒரு முனையில் வைத்து, மறுமுனையில் கண் வைத்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு லென்ஸையும் டார்ச்சையும் சேவியரிடம் கொடுத்தார். சேவியர் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தான்.

உள்ளே பனி விழுந்த மாதிரி இருந்தது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை இழைகள், கிளை கிளையாக. மலையோரம் வளரும் பெரணியிலை மாதிரி. வேறு எங்கே பார்த்தாலும் அழகு என்று படமெடுத்திருப்பேன்.

“தா போலே,” என்றார் ஆ ஹெங். ஆகாது. கண்ணாடியின் மேல்பூச்சையே தின்றுவிட்டது. துடைத்தாலும் தழும்பு நிற்கும். இது இல்லாமல் செட் இல்லை. செட் இல்லாமல் பள்ளிக்கூடம் வாங்காது.

அஞ்சடியில் இருவரும் பஸ் நிலையம் வரை நடந்தோம். சேவியர்தான் கேட்டான், என் முகத்தைப் பார்க்காமல்.

“உன்னுது நல்லா இருக்கு.”

“ஆமா.”

“பூஞ்சணம் புடிக்கும்னு சொன்னியே மச்சான்.”

“மழை லா. அஞ்சு வாரம் ஒரே மழை. காத்துல ஈரம்.”

“மழையா?”

“மழைதான்.”

சிம்பாங் பூலாய் பஸ் வந்தது. டின்னை என் கையில் விட்டுவிட்டு, லென்ஸை மட்டும் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஏறினான். ஜன்னலோரம் உட்கார்ந்தான். திரும்பவில்லை.

எடைமேடை

அம்மா டின்னைக் கழுவும்போது கண்டுபிடித்துவிட்டார். “பூனைன்னு நெனச்சு மூணு நாளு அதுக்குச் சோறு போடல. பாவம் புடிச்சிருக்கும்டா உனக்கு.” பூனை என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. படுத்தால் எழுந்தேன், எழுந்தால் வாசலுக்குப் போனேன். செய்ததைச் சொன்னால் ஒரு நட்பு போகும். சொல்லாவிட்டால், வேண்டுமென்றே செய்தவனாகவே அவன் கணக்கில் இருந்துவிடுவேன். அதைவிடக் கொடுமை, சொல்லாமலே அவன் என்னை மன்னித்துவிடக்கூடும். அப்படிப்பட்டவன் அவன்.

திங்கள்கிழமை பாகான் செராய்க்குப் போகவேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டேன். சிம்பாங் பூலாய் பஸ்ஸில் ஏறினேன்.

குவாரியில் லாரிகள் எடைமேடைக்கு வரிசை கட்டி நின்றன. சேவியர் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தான். நான் ஜன்னலருகே போய் நின்றேன். கல்லுடைக்கும் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். இப்படிப்பட்ட ஒரு விஷயத்தைக் கத்திச் சொல்வது எவ்வளவு சிரமம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

“மழை இல்ல மச்சான்.”

“என்னா?”

“மழை இல்ல. அரிசி. புட்டுக்கு ஊறவெச்ச அரிசி. ஈரத்தோட வறுத்து, சூட்டோட கொட்டி மூடிட்டேன்.”

சேவியர் ஒரு சீட்டை எழுதி லாரிக்காரரிடம் நீட்டினான். “ஜாலான்,” என்று கையசைத்தான். லாரி நகர்ந்தது.

“தெரியும்,” என்றான்.

“எப்படி?”

“வறுத்த அரிசி கட்டி புடிக்காது லா. நானும் ரெண்டு வருசமா வறுக்குறேன்.” அடுத்த லாரி ஏறியது. முள்ளைப் பார்த்துக்கொண்டே கேட்டான். “வேணும்னு செஞ்சியா இல்லியா, அது மட்டும்தான் தெரியல.”

“இல்ல.”

“உன்னுது மட்டும் பிளாஸ்டிக்ல.”

“அது வாங்குனப்பவே வந்த உறை. உன்னுதப் பத்தி நெனைக்கவே இல்ல. பஸ்ஸப் பத்தி நெனச்சேன். அரிசி ஈரம்னு அப்பவே தெரிஞ்சிச்சு. அப்புறம் தங்கச்சி லெட்டர் போட்டா, அப்பவும் தெரிஞ்சிச்சு. வரல.”

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். சேவியர் சீட்டைக் கொடுக்கவில்லை.

“நெனைக்கவே இல்லன்னு சொல்றே பாரு, அதான்டா எனக்கு வலிக்குது. வேணும்னு செஞ்சிருந்தாலாச்சும் என்னைய நெனச்சிருப்பே.”

அவன் மேசை இழுப்பறையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியதை எடுத்து ஜன்னல் வழியாக என் கையில் வைத்தான்.

“எடுத்துக்கிட்டுப் போ. நீ கெடுத்தத நீயே தூக்கு.”

“என் அகல லென்ஸ வெச்சுக்க.”

“அது எனக்கு எதுக்கு. போ லா, பின்னால லாரி நிக்குது.”

தழும்பு

வருஷக் கடைசி வந்தது, போனது. பள்ளிக்கூடத்துக்காரர்கள் வேறு எங்கோ வாங்கிக்கொண்டார்கள். மாற வேண்டும் மாற வேண்டும் என்று குதித்த நானே, இருவரையும் மாற முடியாதபடி கட்டிப்போட்டுவிட்டேன்.

ஆ ஹெங் லென்ஸைப் பிரித்து முடிந்தவரை துடைத்துக் கொடுத்தார். ஓரத்தில் பெரணித் தழும்பு நின்றது. வெயிலுக்கு எதிரே காட்டினால் படம் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி ஆகிவிடும். வெயில் முதுகில் இருக்கும்படி நின்றால்தான் படம் தேறும். திடலில் அப்படி ஒரு இடம்தான் கிடைக்கும். அங்கே போய், ஆரம்பத்திலேயே நூற்று முப்பத்தைந்தை மாட்டிவிட்டு, கோல் வாசலில் ஃபோக்கஸ் வைத்துவிட்டு, ஆட்டம் முடியும்வரை நிற்பேன். லென்ஸ் மாற்றுவதில்லை. பொறுமை கற்றுக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். பொய். கால் அரித்தது. ஒவ்வொரு நிமிஷமும் திடலின் அந்தப் பக்கம் ஓட வேண்டும் போலிருந்தது.

அடுத்த வருஷம் சிலிம் ரிவரில் ஒரு கோல் கிடைத்தது. பந்து வலையில் படுவதற்கு ஒரு சாண் முன்னால். நாளிதழில் இரண்டு அங்குல அகலத்தில் போட்டார்கள், பெயர் இல்லாமல். அந்தப் பக்கத்தைக் கிழித்து, சேவியரின் முகவரிக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தை எழுதவில்லை.

இரண்டு சனிக்கிழமை கழித்துப் புந்தோங்கில் எங்கள் வீட்டு வாசலில் மோட்டார் சத்தம் கேட்டது. சேவியர். கையில் அந்தக் காகிதத் துண்டு.

“ஆளு மூஞ்சி தெரியுது,” என்றான். “முதுகு இல்ல.”

“தெரியுது.”

“ஓரத்துல கொஞ்சம் மங்கல்.”

“அது இருக்கும்.”

“கோப்பி போடச் சொல்லு அம்மாவ.”

ஒரே டின்

போன வருஷம் நான் மாறிவிட்டேன். நிரந்தர வேலை கிடைத்ததும் முதல் காரியமாக அந்த ஜிக் கேமராவை வாங்கினேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு குறையைத் தவிர. பந்தைக் காட்டினால் சில நேரம் நடுவரைத் தேடிப் பிடித்து, அவர் விசிலை அத்தனை தெளிவாகக் காட்டுகிறது. நூற்று முப்பத்தைந்தைச் சேவியரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் மாறவில்லை. மாறப்போவதாகவும் தெரியவில்லை. தழும்பை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, கோயில் ஜன்னல் வெளிச்சத்தில் என்னவோ செய்கிறான்.

என் லென்ஸ் அவன் கேமராவில் நுழையாது, அவனுடையது என்னுடையதில் நுழையாது. இனி மாற்றிக்கொள்ள எங்களிடம் ஒன்றும் இல்லை. டின் மட்டும் ஒன்றுதான். கால் திருப்பு லென்ஸும் மூன்றரைச் சுற்று லென்ஸும் அதே அரிசிக்குள் கிடக்கின்றன. மழைக்கு எல்லாம் ஒன்றுதானே.

போன ஞாயிறு என் முறை. தெலுக் இந்தானில் மூன்று மணிக்கு ஆட்டம். சேவியரும் வருவதாக இருந்தான். மூட்டை அரிசியை நானே இழுத்து, அள்ளி, பொரிய வறுத்து, செய்தித்தாளில் கொட்டிப் பரப்பினேன். பரப்பிய கையோடு டின்னை எடுத்தேன். பஸ்ஸுக்கு இருபது நிமிஷம்தான் இருந்தது.

சேவியர் சமையலறை வாசலில் வந்து நின்றான். குனிந்து, புறங்கையை அரிசிக்குள் வைத்தான். அப்படியே வைத்திருந்தான்.

“சூடா இருக்கு லா,” என்றான். “உக்காரு.”

உட்கார்ந்தேன்.